தேய்ஞ்சு போன சாவியும் ஒரு இன்சூரன்ஸ் பேப்பர்தான்



உங்ககிட்ட பத்து வருஷம் ஓடின குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் ஏதாவது இருக்கா? அப்படின்னா மேல படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிட்டு வாங்க. வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணுங்க. இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சாவியை மெதுவா இழுத்துப் பாருங்க.

சாவி கையோட வந்துடுச்சா? இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கா? அப்படின்னா இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

"அட, அது நாலு வருஷமா அப்படித்தான் வருது. எங்க வண்டி எங்க கைக்கு மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும், ஒரு நெளிவு சுளிவு இருக்கு"ன்னு சிரிக்கிறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். மாட்டுத்தாவணியில, பரவை மார்க்கெட்ல, எங்க கேட்டாலும் இந்தப் பெருமையைக் கேட்கலாம். ஒரு ஆடிட்டரா நான் சொல்றேன், அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. உங்க பேலன்ஸ் ஷீட்ல இருக்கிற ஒரு ஓட்டை. எப்படின்னு விளக்கறேன்.

ஒரு பூ வண்டியின் கணக்கு

என் வாடிக்கையாளர் ஒருத்தர், நிலக்கோட்டையில இருந்து மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏத்திட்டு வர்றவர். 2012 மாடல் குட்டி யானை. பேர் வேண்டாம், அண்ணன்னே வச்சுக்குவோம். போன முகூர்த்த சீசன்ல ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு லோடு எடுக்கக் கிளம்பி வெளியே வந்தா, வாசல்ல வண்டி இல்லை.

போலீஸ், எஃப்.ஐ.ஆர். எல்லாம் அன்னைக்கே முடிச்சுட்டார். அது நல்ல காரியம். நாலு நாள் கழிச்சு என் ஆபீஸுக்கு வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனி ரெண்டு சாவியும் கேக்குது. மேஜை மேல ரெண்டு சாவியை வச்சார். ஒண்ணு தேய்ஞ்சு வழவழன்னு இருந்தது. இன்னொண்ணுல பளபளப்பும் இருந்தது, கீறலும் இருந்தது.

"இது என்னண்ணே?"ன்னு கேட்டேன்.

"ஒரு சாவி மூணு வருஷத்துக்கு முன்னாடியே தொலைஞ்சு போச்சு தம்பி. நேத்துதான் இதைப் பார்த்து இன்னொண்ணு வெட்டினேன். திண்ணையில தேய்ச்சுப் பழசாக்கிட்டேன். ஒண்ணும் தெரியாதுல்ல?"

தெரியும். சாவியைப் பரிசோதனைக்கு அனுப்பறது கம்பெனிகளுக்குப் புதுசு இல்லை. கம்பெனி கொடுத்த சாவி எது, தெருவுல வெட்டினது எது, பூட்டுக்குள்ள போய் வந்து தேய்ஞ்சது எது, திண்ணையில தேய்ச்சது எதுன்னு பார்த்தா சொல்லிடலாம். பொய்ச் சாவி மாட்டிக்கிட்டா, உண்மையான திருட்டும் பொய்த் திருட்டா மாறிடும். க்ளைம் போறதோட நிக்காது, மோசடின்னு கேஸே வரலாம். "அந்தச் சாவியைப் பையில போடுங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்போம்"னு சொன்னேன். அவருக்கு என் மேல கோவம்தான் வந்தது.

எழுதிக் கொடுத்தோம். முதல் பதில்: நிராகரிப்பு. வண்டியைப் பத்திரமா வச்சுக்க நீங்க நியாயமான அக்கறை எடுக்கலை, ஒரு சாவி தொலைஞ்சும் லாக் மாத்தலைங்கறது அவங்க காரணம். அப்புறம் கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்குக் கடிதம், கோர்ட் தீர்ப்புகள் எல்லாம் இணைச்சு எழுதி, எட்டு மாசம் கழிச்சு 75% வந்தது.

இப்போ கணக்கைப் பாருங்க.

பாலிசியில போட்டிருந்த வண்டி மதிப்பு, அதாவது ஐ.டி.வி.: 1,60,000 ரூபாய்.
அதுல 75%: 1,20,000.
வண்டி மேல வாங்கியிருந்த கடன் பாக்கி: 70,000. இது நேரா ஃபைனான்ஸ்காரருக்குப் போயிடும்.
அண்ணன் கைக்கு வந்தது: 50,000.

அதே மாதிரி ஓடுற நிலையில ஒரு வண்டி வாங்க அவர் கொடுத்தது 2,25,000. நடுவுல எட்டு மாசம் வாடகை வண்டி, அது தனி. வருமான இழப்புக்கு மோட்டார் பாலிசி ஒத்தை ரூபா தராது.

தேய்ஞ்ச சாவிக்கும் தொலைஞ்ச சாவிக்கும் அவர் கட்டின நேரடி அபராதம் 40,000 ரூபாய். மூணு வருஷத்துக்கு முன்னாடி இக்னிஷன் லாக்கை மாத்தியிருந்தா, ஆயிரம் ரெண்டாயிரத்துல முடிஞ்சிருக்கும்.

உள்ளே என்னதான் தேயுது?

நான் மெக்கானிக் இல்லை. ஆனா இந்த க்ளைமுக்காக ஒரு மெக்கானிக்கோட ஒர்க்‌ஷாப்ல உட்கார்ந்து ஒரு பழைய லாக்கைப் பிரிச்சுப் பார்த்தேன்.

நாம "சாவி போடுற இடம்"னு சொல்றது உண்மையில ரெண்டு பொருள். முன்னாடி இருக்கிறது லாக். அதுக்குள்ள மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையா ஸ்பிரிங் மேல நிக்கும். சரியான சாவி போனா எல்லாத் தகடும் ஒரே மட்டத்துக்கு வரும், லாக் திரும்பும். பின்னாடி இருக்கிறது ஸ்விட்ச். அது கரண்டை எங்க அனுப்பணுமோ அங்க அனுப்புற வேலை.

லோடு வண்டி ஒரு நாளைக்கு முப்பது தடவை ஸ்டார்ட் ஆகுதுன்னு வைங்க. வருஷம் 300 நாள், 12 வருஷம். ஒரு லட்சத்து எட்டாயிரம் தடவை. இதுல செம்மண் தூசி, மழை ஈரம், வேர்வைக் கை. சாவியோட பல்லும் தேயும், உள்ளே தகடும் தேயும். ஒரு கட்டத்துல எந்தச் சாவிக்கும் லாக் திரும்பும், ஸ்க்ரூ டிரைவருக்கும் திரும்பும். "என் கைக்கு மட்டும்தான் ஸ்டார்ட் ஆகும்"னு நாம நினைக்கிற வண்டி, அந்த நேரத்துல யார் கைக்கும் ஸ்டார்ட் ஆகத் தயாரா நிக்குது.

2005 மே மாசம் டாடா ஏஸ் வந்தப்போ, 702 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல், சின்னச் சந்துலயும் நுழையற வண்டின்னு ஊரே கொண்டாடுச்சு. மதுரை மாதிரி ஊருக்கு அது அளவெடுத்துச் செஞ்ச வண்டி. தோஸ்த் 2011-ல வந்தது. அந்தக் காலத்து லோடு வண்டிகள்ல பெரும்பாலும் சாவின்னா வெறும் உலோகத் துண்டுதான். இப்போ கார்கள்ல வர்ற மாதிரி சாவிக்குள்ள சிப், அது இல்லாட்டி இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதுங்கற பாதுகாப்பெல்லாம் கிடையாது. அந்தப் பித்தளைத் தகடுகள்தான் உங்க ஒரே காவல்காரன்.

பின்னாடி இருக்கிற ஸ்விட்சும் சும்மா இருக்காது. சாவியை விட்டதும் ஸ்டார்ட்ல இருந்து ஆனுக்குத் தானா திரும்பி வரணும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து வராம நின்னா, ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்திக்கிட்டே இருந்து எரிஞ்சு போகும். அப்போ சின்னச் செலவு பெரிய செலவாகும்.

சாவிக்கொத்து விஷயம் சிரிப்பு இல்லை

நம்ம டிரைவர்கள் சாவி வளையத்தைப் பார்த்திருப்பீங்க. வீட்டுச் சாவி, கடை ஷட்டர் சாவி, பெட்ரோல் டேங்க் சாவி, கோயில்ல வாங்கின சாமி டாலர், பாட்டில் ஓப்பனர். கால் கிலோ தொங்கும். ரோட்டுப் பள்ளத்துல ஒவ்வொரு தடவை குதிக்கும்போதும் அந்த எடை லாக்கை இழுக்குது.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிஞ்சுக்க அமெரிக்காவுல நடந்த ஒண்ணைப் பாருங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2014-ல செவர்லே கோபால்ட் உள்பட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது. காரணம் இக்னிஷன் ஸ்விட்ச். அங்க தேய்மானம் இல்லை, ஆரம்பத்துலயே பலவீனமா செஞ்ச ஸ்விட்ச். சாவிக்கொத்து கனமா இருந்தாலோ, முழங்கால் இடிச்சாலோ, ஓடும்போதே சாவி ஆன்ல இருந்து நழுவிடும். இன்ஜின் நிக்கும், ஏர்பேக் விரியாது. கம்பெனி அமைச்ச இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஒத்துக்கிட்டது. 2015-ல அமெரிக்க அரசோட வழக்கை முடிக்க 90 கோடி டாலர் கட்டினாங்க. ஸ்விட்ச் மாத்தித் தர்ற வரைக்கும் வாடிக்கையாளர்களுக்கு அவங்க சொன்ன ஒரே அறிவுரை: வளையத்துல இருக்கிற மத்ததையெல்லாம் கழட்டிட்டு, வண்டிச் சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்க.

புதுக் காருக்கே அந்த நிலைமைன்னா, பன்னிரண்டு வருஷம் தேய்ஞ்ச நம்ம லாக்குக்கு? திருமங்கலம் நாலுவழிச் சாலையில லோடோட போகும்போது இன்ஜின் நின்னா, பிரேக்குக்கு இருக்கிற பூஸ்டர் உதவி கொஞ்ச நேரத்துல தீர்ந்துடும், பெடல் கல்லா இறுகிடும். பவர் ஸ்டியரிங் வண்டின்னா ஸ்டியரிங்கும் கனக்கும். இதுக்கு மேல சொல்ல வேண்டாம்.

சட்டம் யார் பக்கம்?

உங்க பேக்கேஜ் பாலிசியை எடுத்து நிபந்தனைகளைப் படிங்க. வண்டியை இழப்பு, சேதத்துல இருந்து காப்பாத்த நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்கணும், நல்ல நிலையில பராமரிக்கணும்னு இருக்கும். தேய்மானத்துக்கு நஷ்டஈடு கிடையாதுன்னும் இருக்கும். அதாவது தேய்ஞ்ச லாக்கை மாத்தற செலவை அவங்க தர மாட்டாங்க. ஆனா தேய்ஞ்ச லாக்கால வண்டி போச்சுன்னா அக்கறை இல்லைன்னு உங்களைக் கேப்பாங்க. ரெண்டு பக்கமும் அடி.

ஆனா முழு க்ளைமையும் மறுக்க முடியுமா? சுப்ரீம் கோர்ட் பல தடவை இதைத் தொட்டிருக்கு. 2008-லயும் 2010-லயும் வந்த தீர்ப்புகள்ல, பாலிசி நிபந்தனையை மீறியிருந்தாலும் மொத்தமா மறுக்காம 75% வரை கொடுத்து முடிக்கலாம்னு சொன்னது. இதைத்தான் நான்-ஸ்டாண்டர்ட் அடிப்படைன்னு சொல்றாங்க. 2023-ல வந்த இன்னொரு தீர்ப்பு நம்ம விஷயத்துக்கு ரொம்ப நெருக்கம். டிரைவர் சாவியை இக்னிஷன்லயே விட்டுட்டு வழி விசாரிக்க இறங்கினார், லாரி திருடு போச்சு. அதுவும் மொத்தமா மறுக்கிற அளவுக்குப் பெரிய மீறல் இல்லைன்னு 75% கொடுக்கச் சொன்னது கோர்ட். 2020-ல ஒரு டிராக்டர் திருட்டு வழக்குல, எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தா இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமா சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு வந்திருக்கு.

சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி யோசிங்க. 75% வாங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. பூ வியாபாரிக்கு அந்த நேரம் இருக்கா?

இங்க கம்பெனிகள் மேலயும் எனக்குக் குறை இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ரெனியூவல் பண்ணும்போது பிரீமியம் வாங்குறாங்க. "உங்ககிட்ட எத்தனை சாவி இருக்கு? லாக் எப்போ மாத்தினீங்க?"ன்னு ஒரு வரி கேக்கலாம். அப்போ கேக்காம, திருடு போன பிறகு ரெண்டு சாவி எங்கேன்னு கேக்கறது நியாயமா எனக்குப் படலை. அந்த ஒரு வரிக் கேள்வி இருந்தா பாதி வண்டிக்காரங்க முன்னாடியே லாக்கை மாத்தியிருப்பாங்க. ஆனா அவங்க மாறுற வரைக்கும் நாம காத்திருக்க முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. டெஸ்ட் பண்ணுங்க. ஓடும்போது சாவி வெளியே வருதா, வேற சாவிக்குத் திரும்புதா, சாவியை ஆட்டினா டாஷ்போர்டு விளக்கு அணைஞ்சு எரியுதா, ஸ்டார்ட்ல இருந்து தானா திரும்புதா. ஒண்ணு தப்பா இருந்தாலும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க. லாக் போயிருக்கா, ஸ்விட்ச் போயிருக்கான்னு பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க.

2. தேய்ஞ்ச சாவியைப் பார்த்து டூப்ளிகேட் வெட்டாதீங்க. தேய்மானத்தையும் சேர்த்துத்தான் காப்பி எடுக்கும். சாவி எண் எழுதின தகடு இருந்தா அதை வச்சுப் போடுங்க. லாக்கே தேய்ஞ்சிருந்தா லாக் செட்டை மாத்துங்க.

3. வண்டி நம்பர் போட்ட பில் வாங்குங்க. அதைப் போட்டோ எடுத்து, "பழைய லாக்கை மாத்திட்டேன், புது சாவி ரெண்டு என்கிட்ட இருக்கு"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்க. ரெண்டாவது சாவியை பாலிசி ஃபைல்லயே வைங்க, டிரைவர்கிட்ட வேண்டாம். பழைய லாக்கையும் தூக்கிப் போடாதீங்க.

4. சாவி தொலைஞ்சா அன்னைக்கே ஸ்டேஷன்ல மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. அரை நாள் வேலை போகும், பரவாயில்லை.

5. மறைவான இடத்துல பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் ஒண்ணு போட்டுக்குங்க. சின்னச் செலவு, நல்ல காவல்.

6. ஐ.டி.வி.யைக் குறைக்காதீங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல ஆன வண்டிக்கு ஐ.டி.வி. நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. பிரீமியத்துல சில நூறு மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைச்சா, திருடு போற அன்னைக்கு அந்தக் குறைஞ்ச தொகையில இருந்துதான் 75% கணக்கே ஆரம்பிக்கும். அண்ணன் கதையில 40,000 சாவியால போச்சு. அதைவிடப் பெரிய 65,000 குறைச்சுப் போட்ட ஐ.டி.வி.யால போச்சு.

7. க்ளைமை மறுத்தா அதோட விடாதீங்க. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார். ஒரு மாசத்துல சரியான பதில் இல்லைன்னா சென்னையில இருக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. இல்லாட்டி மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டுறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. உங்களுக்குத் திருட்டுக்கு க்ளைமே கிடையாது. அந்த லாக்தான் உங்க இன்சூரன்ஸ்.

வரி விஷயமும் ஒண்ணு இருக்கு

"ரிப்பேர் பில்லை வரியில காட்டிக் கழிக்கலாமா சார்?"னு கேப்பீங்க. பத்து வண்டிக்குள்ள வச்சிருக்கிற பெரும்பாலானவங்க ஊக வருமானத் திட்டத்துல, 44ஏஇ-ன்னு நமக்குப் பழகின முறையில கணக்கு காட்டுறாங்க. சின்ன வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய் வருமானம்னு எடுத்துக்குவாங்க. லாக் மாத்தினாலும் மாத்தாட்டியும் அந்த 7,500 மாறாது. தனியா ரிப்பேர் செலவைக் கழிக்க முடியாது.

இதனாலதான் பலர் "வரியிலயும் குறையாது, அப்புறம் எதுக்கு"ன்னு பராமரிப்பைத் தள்ளிப் போடுறாங்க. நான் இதைத் தப்பான யோசனைன்னு நினைக்கிறேன். வரி மிச்சம் ஆகுதான்னு பார்த்துச் செலவு பண்ணக் கூடாது, சொத்து மிஞ்சுமான்னு பார்த்துச் செலவு பண்ணணும். லோடு வண்டிதான் உங்க குடும்பத்துக்குச் சம்பளம் தர்ற சொத்து. வீட்டுப் பீரோவுக்கு நாள்தோறும் பூட்டை இழுத்துப் பார்க்கிற நாம, அந்தச் சொத்தை மட்டும் பூட்டே இல்லாம தெருவுல நிறுத்திட்டுத் தூங்குறோம்.

அண்ணன் இப்போ வாங்கின வண்டியும் செகண்ட் ஹேண்டுதான். ஆர்.சி. பேர் மாத்தினதும் முதல் வேலையா லாக் செட்டை மாத்தினார். பழைய ஓனர்கிட்ட எத்தனை சாவி வெளியே இருக்கோ யாருக்குத் தெரியும்? அந்த பில்லையும் ரெண்டாவது சாவியையும் ஒரு கவர்ல போட்டு என் ஆபீஸ்ல கொண்டு வந்து கொடுத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, என் வீட்ல தொலைஞ்சுடும்"னார்.

நீங்க கவரை எனக்குக் கொண்டு வர வேண்டாம். ஆனா இன்னைக்கு சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போது அந்தச் சாவியை ஒரு தடவை இழுத்துப் பாருங்க.